மாமா சிங்கப்பூரில், பென்ஷன் பாளையங்கோட்டையில்: எந்தச் சான்றை எந்த வழியில் கொடுப்பது?

தலைப்பிரசவத்துக்கு மாமாவின் மகள் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். இரண்டாவதுக்கு விமானம் ஏற டாக்டர் விடவில்லை. அதனால் மாமாவும் அத்தையும் சிங்கப்பூர் கிளம்ப வேண்டியதாயிற்று. ஏப்ரல் கடைசியில் போய் ஜூன் கடைசியில் திரும்புவதாகத் திட்டம். பெருமாள்புரம் வீட்டைப் பூட்ட ஏற்பாடு செய்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பிடித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் மாமா கேட்டார்: “மருமவனே, மே மாசம் நேர்காணல் இருக்கே. நான் உசுரோடதான் இருக்கேன்னு அங்கயிருந்து எப்படிச் சொல்லுதது?”

மாமா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஒரு மே 31 அன்று ஓய்வு பெற்றவர். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, தாங்கள் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் கொடுக்க வேண்டும், அதாவது உயிரோடு இருப்பதற்குச் சான்று தரவேண்டும். கொடுக்காமலே இருந்தால் பென்ஷன் நின்றுபோகும். பிற்பாடு கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாதம் பிறந்தவுடன் பாஸ்புக் பதியப் போகிறவரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது.

ஒரு கேள்விக்கு விடை தேடப் போய் மூன்று முடிவுகள் எடுக்கவேண்டி வந்தது. விசா யார் மூலமாக, உயிர்ச்சான்று எந்த வழியில், ஆதார் நகல் யாருக்கு எந்த வடிவில். மூன்றிலும் நான் முதலில் பார்த்தது ஒன்றைத்தான்: வேலை முடிந்த பிறகு நம்முடைய காகிதம் யார் கையில் தங்கிவிடுகிறது? செலவும் அலைச்சலும் அதற்கு அப்புறம்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு இருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

விசா: முகவரா, மாப்பிள்ளையா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. இங்கிருந்து போவது என்றால் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் அங்கே இருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ தன்னுடைய சிங்பாஸ் கணக்கில் நுழைந்து நமக்காக விண்ணப்பிக்கலாம். சிங்பாஸ் என்பது 2003இல் தொடங்கிய அந்நாட்டு அரசின் டிஜிட்டல் அடையாளம். இன்றைக்கு அது போனில் ஒரு செயலி. அரசுக் கட்டணம் இரண்டு வழியிலும் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முகவர் என்றால் அவருடைய கூலி தனி.

மகளின் கணவர் நிரந்தரவாசி. ஆனால் அதை யோசிப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் கேட்டார் என்று பாஸ்போர்ட், ஆதார் இரண்டு பக்கமும், பான் கார்டு, போதாததற்குப் பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். “கேட்டாங்க, அனுப்பியாச்சுல்லா” என்றார். இந்த விசாவுக்கு ஆதார் தேவையே இல்லை. தேவைப்படாத ஒன்று யாரோ ஒருவரின் போனில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த போன் நாளை விற்கப்படலாம், தொலையலாம், பிள்ளைகள் விளையாடக் கேட்கலாம்.

கடைசியில் மாப்பிள்ளையே விண்ணப்பித்தார். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், போட்டோ, படிவம், அவ்வளவுதான். விவரம் குடும்பத்திலிருந்து நேராக அந்நாட்டு அரசுக்குப் போனது, நடுவில் ஆள் இல்லை. இதிலும் ஒரு சுமை உண்டு. மாமனார் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் கேள்வி மாப்பிள்ளையிடம்தான் வரும். அங்கே குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ உறவினர் இல்லாதவர்களுக்கு முகவர்தான் வழி. அப்போதும் அவர் கேட்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் “இது எதுக்குங்க?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாதி காகிதம் அந்தக் கேள்வியிலேயே குறைந்துவிடும்.

உயிர்ச்சான்று: போனா, ஹைகமிஷனா, நோட்டரியா, சும்மா இருப்பதா?

இதில்தான் நிறைய யோசித்தோம்.

வெளிநாட்டில் இருக்கிற ஓய்வூதியர் இந்தியத் தூதரக அதிகாரியிடமோ, மாஜிஸ்திரேட், நோட்டரி, வங்கி மேலாளர் போன்றவர்களிடமோ உயிர்ச்சான்றில் கையெழுத்து வாங்கிக் கருவூலத்துக்குத் தபாலில் அனுப்பலாம். பழைய வழி, திடமான வழி. சிங்கப்பூரில் இருப்பது தூதரகம் அல்ல, ஹைகமிஷன். வேலை ஒன்றுதான். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய், அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கிவர வேண்டும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கவேண்டும், மாப்பிள்ளை லீவு போடவேண்டும். பிறகு தபால். அந்த உறையில் பென்ஷன் எண், பாஸ்போர்ட் நகல், கையெழுத்து, போட்டோ நாலும் ஒன்றாகப் பயணம் போகும். போய்ச் சேர்ந்ததும் ஒரு கோப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நோட்டரி வழியும் இதே கதைதான், சிங்கப்பூர் நோட்டரியின் கட்டணத்தைக் கேட்டால் மாமாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்பது கூடுதல்.

இன்னொரு வழி ஜீவன் பிரமாண், மத்திய அரசின் டிஜிட்டல் உயிர்ச்சான்று முறை. 2014 நவம்பர் 10 அன்று தொடங்கியபோது அது கைரேகைக் கருவியை நம்பியிருந்தது. 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி வந்தது. போனில் இரண்டு செயலிகள் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண். கேமரா முன் முகத்தைக் காட்டி, சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்தச் சிமிட்டல். முகப்படம் குறியாக்கம் செய்யப்பட்டு ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போகும், அங்கே ஏற்கெனவே இருக்கும் படத்தோடு ஒப்பிடப்படும், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஆம் என்றால் பிரமாண் எண்ணோடு ஒரு சான்று உருவாகும். கருவூலம் அதைக் கணினியிலேயே எடுத்துக்கொள்ளும். தபால் இல்லை, நகல் இல்லை.

என் அளவுகோலில் வைத்தால் இதுதான் விவரம் குறைவாகச் சிந்துகிற வழி. காகித வழியில் நம்மைப் பற்றிய விவரமே ஊர்வலம் போகிறது. இதில் கருவூலத்துக்குப் போய்ச் சேர்வது ‘இவர்தான், இருக்கிறார்’ என்கிற சான்று மட்டும்.

ஆனால் முகம் என்பது பாஸ்வேர்டு மாதிரி இல்லை. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், மூஞ்சியை மாற்றிக்கொள்ள முடியாது. தவிர, ஒவ்வொரு சரிபார்ப்பும் தடம் விடும். அந்தத் தடத்தை நாமும் பார்க்கலாம் என்பது ஒரு ஆறுதல். ஆதார் இணையதளத்தில் கடந்த ஆறு மாதத்தில் எப்போது, எந்த முறையில் நம் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்று பட்டியல் கிடைக்கும். மாமாவுடையதைத் திறந்து பார்த்தோம். சிம் மாற்றியது, வங்கியில் விரல் வைத்தது என்று வரிசையாக இருந்தது. நினைவுக்கு வராத ஒன்று இருந்தது, இரண்டு நாள் கழித்து அத்தைதான் ரேஷன் கடை என்று கண்டுபிடித்தார்.

முக வழி கைவிடக்கூடிய இடங்களும் உண்டு, எல்லாமே ஊரில் இருக்கும்போது சரிசெய்யக்கூடியவை. ஆதாரில் உள்ள படம் 2012இல் எடுத்தது, அதில் மாமாவுக்கு மீசை கறுப்பு. படத்தைப் புதுப்பித்துக்கொண்டோம். பாதுகாப்புக்காக பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும்: அந்தப் பூட்டு விரல், கண் இரண்டோடு முகத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறது. திறந்துவிட்டு வேலையை முடித்து மறுபடி பூட்ட வேண்டும். செயலிகளை இங்கேயே இறக்கி ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக சிம். நம்முடைய டிஜிட்டல் அடையாளம் என்று பெரிதாகப் பேசினாலும் அது கடைசியில் ஓடிபி வருகிற ஒரு இந்திய எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திறக்கவும் ஓடிபி, தடத்தைப் பார்க்கவும் ஓடிபி. வெளிநாட்டுக்குப் போனதும் அங்குள்ள சிம்மைப் போட்டுவிட்டு இதை மேசை டிராயரில் எறிகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பணமும் இல்லாமல் கிடந்தால் எண் முடங்கும். பிறகு அது வேறொருவருக்குப் போகும். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் மணி அடிக்கும். ரோமிங்கை ஊரிலேயே இயக்கி, இரண்டு சிம் போடுகிற போனில் போட்டுவிட வேண்டும்.

இனி நான்காவது வழி, சும்மா இருப்பது. ஜூன் கடைசியில் திரும்பியதும் அஞ்சல்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி 70 ரூபாய் கொடுத்து விரல் வைத்துவிடலாம். ஒன்றும் கடல் தாண்டாது, எதுவும் யாரிடமும் தங்காது. பென்ஷன் ஒருவேளை தாமதமாகலாம், அவ்வளவுதான். கையில் சேமிப்பு உள்ள, குறுகிய பயணம் போகிறவர்களுக்கு இது கேவலமான வழி இல்லை என்றே சொல்வேன். மாமாவிடம் சொன்னேன். “பென்ஷனை நிப்பாட்டிட்டு என்னலே பிரைவசி?” என்றார். கோபம் வந்தால் மருமகன் ‘ஏல’ ஆகிவிடுவான்.

இங்கே முக்கூடலில் இருக்கும் எங்கள் ஆச்சியின் கதையையும் சொல்லவேண்டும். ஐம்பது வருஷம் பீடி சுற்றியவர். இலையும் தூளும் கத்தரியும் சேர்ந்து விரல் நுனியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டன. கைரேகைக் கருவி அவரை ஒவ்வொரு வருஷமும் இல்லை என்றே சொல்லும். அவர் வாங்குவது வருங்கால வைப்புநிதி பென்ஷன். 2014இல் குறைந்தபட்சத் தொகையை 1,000 ரூபாய் ஆக்கினார்களே, அது. கண்ணைச் சிமிட்டிச் சான்று வாங்கிய முதல் வருஷம் ஆச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பென்ஷனுக்கு மாதக் கெடுவும் கிடையாது. எந்தத் தேதியில் கொடுத்தாலும் ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஆகவே ஆச்சி மாதிரி ஆட்கள் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போவதானால், விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் கொடுத்துவிட்டுப் போனால் போதும், ஒப்பீடே தேவையில்லை. முகமா விரலா என்பது தனியுரிமைக் கூட்டங்களில் ஒரு விவாதமாக இருக்கலாம். பீடி சுற்றிய கைக்கு அதில் தேர்வு இல்லை.

ஆதார் நகல்: முழுசா, மறைச்சதா?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் கடைக்குப் போனேன், மாமாவின் இ-ஆதாரை அச்செடுக்க. கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் கோப்புறை திறந்தே இருந்தது. ‘இஆதார்’ என்று தொடங்கும் கோப்புகள் திரை நிறைய, உருட்டினால் இன்னும் வருகின்றன. அந்தந்த ஆட்கள் அச்செடுத்து, காசு கொடுத்து, போய்விட்டார்கள். கோப்பு போகவில்லை. பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறீர்களா? கடைப் பையன் என்னைப் பார்க்காமலே கேட்டான்: “பேரு சொல்லுங்கண்ணே, பொறந்த வருசம்?” பெயரின் முதல் நாலு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம். எல்லோருக்கும் இதே சூத்திரம். நான் சொல்லி முடிப்பதற்குள் திறந்துவிட்டது. பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

இந்த வேலைக்கு மறைத்த ஆதார் என்று ஒன்று இருக்கிறது. 12 இலக்கத்தில் கடைசி நாலு மட்டும் தெரியும். அதே இணையதளத்தில் இறக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்தால் போதும். 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டு நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டு நாளில் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

கடல் கடந்தால் ஆதார் வெறும் அட்டை என்பதையும் மறக்கக்கூடாது. அது குடியுரிமைக்கே சான்று இல்லை, வெளிநாட்டு அலுவலகத்துக்கு அதைச் சரிபார்க்க வழியும் இல்லை. அங்கே பேசுவது பாஸ்போர்ட் மட்டும்தான். ஆகவே பயணப் பையில் பாஸ்போர்ட் இருக்கட்டும், ஆதார் எண் மனப்பாடமாக இருக்கட்டும், அட்டை பீரோவில் இருக்கட்டும். ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கர் இந்தியாவுக்குள் அசலுக்குச் சமம். விமானம் ஏறியதும் அதுவும் நம் வசதிக்கு வைத்துக்கொள்ளும் நகல்தான்.

(மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பிள்ளைகள் வளைகுடா வேலைக்குப் பட்டச் சான்றிதழ் அனுப்புவது வேறு கணக்கு. எந்த நாடு என்று பார்த்து முடிவு செய்யவேண்டும். ஓமான், பஹ்ரைன், 2022 முதல் சவுதி ஆகியவை, ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடு ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இந்தியா 2005இலேயே சேர்ந்துவிட்டது. அந்த நாடுகளுக்கு, இங்கே மாநில அளவில் சான்றிதழைச் சரிபார்த்த பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஒரே முத்திரை போதும், அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் நடுவில் இருப்பவர்களின் கூலி. அமீரகம், குவைத் என்றால் அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் தேவை. எப்படியும் அசலைத் தபாலில் யாருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.)

சட்டம் எந்தப் பக்கம்?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் சொன்னார்கள். அந்த வழக்கை 2012இல் ஆதாரை எதிர்த்துத் தொடுத்தவர் புட்டசாமி என்கிற ஓய்வுபெற்ற நீதிபதி. இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா, ரிட்டயர்டு ஆளுங்கதான் கேக்கணும்.” 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அந்தச் சட்டமே இடம் தருகிறது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. ஆக, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைக்காரருக்கு ஒரு சட்டம், கவர்ன்மெண்டுக்கு ஒரு சட்டம்.

ஒழுங்குக்குப் பெயர்போன ஊர்தானே, அங்கே கசியாது என்று நினைக்கவும் வேண்டாம். 2018இல் அங்குள்ள சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குடையது உட்பட. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் துறையின் புது இணையதளத்தில் யார் தேடினாலும் ஆட்களின் முழு அடையாள எண் தெரிந்தது, பெரிய சலசலப்பு ஆனது. அதற்குப் பிறகு அந்த அரசு சொன்ன விஷயம் நமக்கும் பொருந்தும்: அடையாள எண் என்பது ஒரு பெயர் மாதிரி, அதை ரகசியச் சாவியாகப் பயன்படுத்தாதீர்கள். நாம் இங்கே பெயரையும் பிறந்த வருஷத்தையுமே சாவியாக்கி வைத்திருக்கிறோம்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், பணம் கடல் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டது. 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயும் அதுபோன்ற சிங்கப்பூரின் பணம் அனுப்பும் முறையான பேநவ்வும் (PayNow) இணைந்தன, போன் எண்ணை வைத்தே மகள் அப்பாவுக்குப் பணம் அனுப்பலாம். ஆளுக்கு அந்த இணைப்பு இல்லை. சிங்பாஸுக்கு ஆதாரைத் தெரியாது, ஆதாருக்குச் சிங்பாஸைத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முயற்சி நடக்கிறது. 2018 செப்டம்பர் முதல் ஒரு உறுப்பு நாடு முறைப்படி அறிவித்த மின்னணு அடையாளத்தை மற்ற நாட்டு அரசுச் சேவைகள் ஏற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். 2026 முடிவுக்குள் ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்கு ஒரு டிஜிட்டல் பணப்பை தரவேண்டும். பிறந்த தேதியைக் காட்டாமலே வயது 18க்கு மேல் என்று மட்டும் காட்டுகிற மாதிரி அது இருக்கவேண்டும் என்கிறார்கள். அப்படி ஒன்று நமக்கு வாய்த்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருக்காது. வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டிஜிட்டல் அரசுக்கு எடுத்துக்காட்டான எஸ்தோனியாவிலேயே 2017இல் சிப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டு ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் சான்றுகளை முடக்க நேர்ந்தது.

மாமாவுக்கு நாங்கள் முடிவு செய்தது இது. விசா மாப்பிள்ளையின் சிங்பாஸில். உயிர்ச்சான்று மே முதல் வாரம் போனில், மூன்று முறை முயன்றும் சரிவராவிட்டால் ஹைகமிஷன், அதற்கும் நாள் கிடைக்காவிட்டால் ஜூனில் அஞ்சல்காரர். போகிற இடத்தில் கேட்டால் பாஸ்போர்ட், இங்கே கேட்டால் மறைத்த ஆதார். முகவருக்கு அனுப்பிய படங்களை அழிக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினோம், ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அழித்தாரா என்பது அந்தக் கட்டைவிரலுக்கே வெளிச்சம்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாவது மாடி ஜன்னலோரம். முதல் முறை முகத்தில் வெளிச்சம் போதவில்லை. இரண்டாவது முறை கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். மூன்றாவது முறை கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது இரண்டையும் இறுக மூடிக்கொண்டு நின்றார், “திறங்கப்பா” என்று மகள் சொல்லித் திறந்ததும் பச்சை வட்டம் வந்தது. பிரமாண் எண்ணோடு சான்று கிடைத்துவிட்டது.

அடுத்த அஞ்சாவது நிமிஷம் ‘நம்ம குடும்பம்’ வாட்ஸ்அப் குழுவில், 63 பேர் பார்க்க, சான்று முழுசாக வந்து விழுந்தது. பெயர், பென்ஷன் எண், பிரமாண் எண், எல்லாம். கீழே மாமா எழுதியிருந்தார்: “இன்னும் ஒரு வருசத்துக்கு நான் இருக்கேன்.”

போன் போட்டு, எல்லோருக்குமாக அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள், ஒரு சித்தப்பா அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருந்தார்.